முதுகுப் பக்கத்துச் சூரியன்

சூரியனைப் பார்க்க ஆள் வராத நாட்களிலும் ஹர்கமான் ராய் மேட்டு முனைக்கு ஏறிக்கொண்டுதான் இருந்தார். வயது ஐம்பத்தெட்டு. ஒரு முழங்காலில் சத்தம், இன்னொன்றில் வலி. இரண்டும் முறை வைத்து மாற்றிக்கொள்ளும். விடுதியிலிருந்து முனைக்கு அரை மணி நேரம் என்று வாசல் பலகையில் எழுதியிருக்கிறது. எழுதிய மகராசன் பிப்ரவரியில் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்க மாட்டான். தொடைவரை பனியில் காலை விட்டு, பிடுங்கி, மறுபடி விட்டு ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது.

மலைமுதுகில் இருந்த அந்த அரசாங்க விடுதிக்கு அவர் குளிர்காலக் காவலர். நவம்பர் முடிந்ததும் மேனேஜர், சமையல்காரர், எடுபிடி எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடுவார்கள். கூரைப் பனியைத் தள்ளுவது, தண்ணீர்க் குழாய் வெடிக்காமல் பார்ப்பது, தப்பித் தவறி வருகிறவர்களுக்குக் கிச்சடி பொங்கிப் போட்டு விடியலில் முனைக்குக் கூட்டிப்போய்ச் சூரியனைக் காட்டுவது, எல்லாம் இவர் தலையில். இருபத்திரண்டு குளிர்காலமாக இதே பிழைப்பு. "தாஜு, சூரியன் கண்டிப்பா வருமா? கியாரண்டி உண்டா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்காத ஆள் கிடையாது. "வரும்ங்க. அவரும் என்னை மாதிரிதான், லீவே கிடையாது" என்பார். சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பும் அவருக்கு அலுத்துப்போயிருந்தது.

ஜீப் பாதை மூடிப் பதினோரு நாள் ஆயிற்று. விடுதியில் ஈ காக்கை இல்லை. இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கலாம். முனையில் வயர்லெஸ் அலையைக் கடத்திவிடுகிற வெறும் கம்பம் ஒன்று உண்டு. அதிலிருக்கும் சோலார் தகட்டில் விழுந்த பனியைத் துடைக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொள்வார். வாரத்துக்கு ஒரு தடவை துடைத்தால் போதும். அதையும் பத்து மணி வெயிலில் போய்த் துடைக்கலாம்.

அவர் போனது புகையைப் பார்க்க. முனையில் நின்றால் கிழக்கே காலடியில் ஒரு பள்ளம். பள்ளத்தின் அடியில், தேவதாரு மரங்களுக்கு நடுவில், ஒரு தகரக் கூரை. சந்தபீர் தமாங்கின் டீக்கடை. வெளுக்கிற நேரத்துக்கு அந்தக் கூரையிலிருந்து புகை கிளம்பினால் சந்தபீர் எழுந்துவிட்டார், அடுப்பு மூட்டிவிட்டார், நல்லபடியாக இருக்கிறார் என்று அர்த்தம். பார்த்துவிட்டு ஹர்கமான் வந்த வழியே திரும்பிவிடுவார். கீழே இறங்க மாட்டார். இறங்கி மூன்று வருஷம் ஆகிறது.

சந்தபீர் அவருக்கு மீத். அது சும்மா டீக்கடைச் சிநேகம் இல்லை. பதினாறு வயதில், மகர சங்கராந்திச் சந்தையில், பெரியவர்கள் முன்னால் மாலை மாற்றிக் காசு மாற்றிக் கட்டிக்கொண்ட உறவு. அப்புறம் சாகிறவரை ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, மரியாதை குறையக் கூடாது. அவர் வீட்டுச் சாவுக்கு இவர் தீட்டுக் காக்க வேண்டும். அவர் வீட்டுச் சிதையில் இவர் கையால் ஒரு கட்டை விழ வேண்டும். கூடப் பிறந்தவனோடு கோர்ட்டுக்கே போகலாம்; மீத்தோடு முறைத்துக்கொண்டு நிற்கக்கூட முறை கிடையாது. ஆனாலும் நின்றார்கள்.

அன்றைக்குப் புகை இல்லை. வானம் வெளுத்து, கஞ்சன்ஜங்கா சிவந்து, மஞ்சளாகி, வெள்ளையும் ஆகிவிட்டது. கூரைமேல் பனி மட்டும் கிடந்தது. நேற்று மேகம் மூடி எதுவும் தெரியவில்லை. முந்தாநாள் புகை இருந்தது. தூங்கிப்போயிருப்பாரோ? சந்தபீர் தூங்குகிறவர் இல்லை, சேவலை எழுப்பிவிடுகிறவர். ஹர்கமான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். கைவிரல் மரத்துப்போயிற்று. "கிழவனுக்கு வேற வேலை இல்ல" என்று யாரைத் திட்டுகிறோம் என்று தெரியாமலே திட்டிவிட்டு, பள்ளத்துக்குள் இறங்க ஆரம்பித்தார்.

இறங்கும்போது, வேண்டாம் என்றாலும் அந்த நாள் நினைப்புக்கு வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே பிப்ரவரி. சந்தபீரின் மனைவி, இவருக்கு மித்தினி முறையான சுந்தலி, இரண்டு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். சாயங்காலம் மாடு மேய்க்கிறவன் ஒருவன் வந்து தகவல் சொன்னான்: "லாமா ஏடு பார்த்துட்டாரு. நாளைக்குக் காலையில ஏழு மணிக்குள்ள தீ வெச்சாகணுமாம்." விடுதியில் கல்கத்தாவிலிருந்து வந்த நாலு பேர். அதில் ஒருவர் பெரிய ஆபீசர். சூரியனைக் காட்டவில்லை என்று ஏற்கனவே ஒரு புகார் போய், இன்னொன்று வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். ஹர்கமான் கணக்குப் போட்டார். ஆறு மணிக்குச் சூரியனைக் காட்டிவிட்டு ஓடினால் ஏழுக்குள் பள்ளத்துக்குப் போய்விடலாம். கொஞ்சம் முன்பின் ஆனாலும் என்ன, மீத் வந்து கட்டை போடாமல் தீ வைப்பார்களா?

வைத்துவிட்டார்கள். தமாங்குகளுக்கு லாமா குறித்த நேரம் தப்பினால், போன உயிருக்குப் பாதை தப்பிவிடும். கடைசி நிமிஷம்வரை மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அப்புறம் வைத்துவிட்டார்கள். இவரோ மேலே மேகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பார்க்காமல் போவதா என்று ஆபீசர் நகரவில்லை. ஏழு மணிக்குத்தான் மேகம் விலகியது. அதே நேரம் பள்ளத்திலிருந்து நீலமாகப் புகை எழும்பியது. அது அடுப்புப் புகை இல்லை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆபீசர் மனைவி, "ஐயோ, மூடுபனி என்ன அழகு!" என்று அதைப் படம் பிடித்தாள். அப்போதாவது ஓடியிருக்கலாம். இனிமேல் ஓடி என்ன என்று கால் சொல்லிவிட்டது. அவர்களைக் கூட்டிவந்து, டீ கொடுத்து, மத்தியானம்தான் போய்ச் சேர்ந்தார். வாசலில் உட்கார்ந்திருந்த சந்தபீர் ஒன்றே ஒன்று கேட்டார்: "சூரியனைக் காட்டி முடிச்சாச்சா?" அதோடு பேச்சு நின்றுபோயிற்று.

டீக்கடைக் கதவு ஒருக்களித்துத் திறந்து கிடந்தது. உள்ளே வாசற்படியிலிருந்து ஒரு முழத்துக்குப் பனி. அணைந்த அடுப்புப் பக்கத்தில் கம்பளிக் குவியல் ஒன்று அசைந்தது.

"யாரது?"

"நான்தான்."

"நான்னா?"

"ஹர்கமான்."

"அட, சூரியன் ஆபீசரா! வாங்க, வாங்க. என்ன, இன்னைக்கு கெஸ்ட் யாரும் சிக்கலையா?"

"மீத்ஜூ, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. தண்ணித் தொட்டிகிட்ட வழுக்கி விழுந்தேன். முந்தாநாள். காலு அங்க இருக்கு, நான் இங்க இருக்கேன். அவ்வளவுதான்."

ஹர்கமான் கம்பளியை விலக்கிப் பார்த்தார். கணுக்காலுக்கு மேலே எலும்பு ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு நின்றது. கால் கறுத்து, பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. தீப்பெட்டி நனைந்துபோய், விறகு வெளியிலேயே கிடக்க, மனுஷன் இரண்டு ராத்திரியை இப்படியே ஓட்டியிருக்கிறார்.

"கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதுக்கு? போய் உங்க வேலையைப் பாருங்க" என்றார் சந்தபீர். பல் கிட்டிப் போனதால் பாதி வார்த்தை உள்ளேயே நின்றது.

ஹர்கமான் விறகு பிளந்தார், அடுப்பு மூட்டினார், பனியை உருக்கி உப்பும் வெண்ணெயும் போட்டு டீ வைத்தார். சந்தபீர் "உப்பு ஜாஸ்தி" என்று சொல்லிக்கொண்டே மூன்று தம்ளர் குடித்தார். காலுக்கு இரண்டு பக்கமும் விறகுச் சட்டம் வைத்துச் சாக்கைக் கிழித்துக் கட்டும்போது மட்டும் வாய் மூடியிருந்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. அதை இருவரும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

மலைமுதுகில், விடுதியைத் தாண்டி ஒரு மணி நேர நடையில் ராணுவ முகாம் இருக்கிறது. அங்கே சங்கிலி மாட்டிய ஜீப் உண்டு. "நான் போய் நாலு சிப்பாய்களைக் கூட்டிட்டு வந்துடறேன்" என்றார் ஹர்கமான்.

"தாராளமா. போயிட்டு வாங்க. நீங்க வர்றதுக்குள்ள நான் போயிடறேன். உங்களுக்கு அது புதுசா என்ன?"

எழுந்த ஹர்கமான் மறுபடி உட்கார்ந்துவிட்டார். போயிருக்க வேண்டும், புத்தியுள்ளவன் போயிருப்பான். ஆனால் திரும்பி வரும்போது இந்த அடுப்பு அணைந்திருந்தால் என்ற நினைப்பு வந்ததும், அவரால் கதவைத் தாண்ட முடியவில்லை. பத்து மணிக்கு மேகம் ஏறிவந்து பள்ளத்தை மூடியது. பகலெல்லாம் பனி கொட்டியது. அந்த யோசனையும் அதோடு முடிந்தது.

சாயங்காலம் பனி நின்று வானம் வெளிவாங்கியது. "விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பிடுவோம். மேல்பனி ராத்திரியில இறுகிடும், கல்லு மாதிரி நிக்கும். வெயில் படறதுக்குள்ள மேடு ஏறிட்டா போதும்" என்றார் ஹர்கமான்.

"எதுல போறோம்? ஹெலிகாப்டர்லயா?"

"டோக்கோவுல."

மூங்கில் சுமைக்கூடை மூலையில் கவிழ்ந்து கிடந்தது. சந்தபீர் அதையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரு தூக்கறது? நீங்களா? உங்க முழங்கால் சத்தம் எனக்கு இங்க வரைக்கும் கேக்குது."

"நீங்க என்ன பெரிய யானையா? அம்பது கிலோ தேற மாட்டீங்க."

"நாப்பத்தெட்டு. சுந்தலி போனப்புறம் சரியா சாப்பாடு இல்ல" என்று சந்தபீர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஹர்கமான் அடுப்பில் இன்னொரு கட்டையைத் தள்ளினார்.

கூடையின் ஒரு பக்கத்தை வெட்டி, கம்பளி மடித்துப் போட்டு, சந்தபீரை முதுகோடு முதுகாக உட்கார வைத்தார். கட்டுப்போட்ட கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கூடைப் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு ஹர்கமான் எழுந்தபோது, எழுந்துவிட்டோம் என்பதே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. கையில் ஆங்கில ‘T’ எழுத்து மாதிரி ஒரு தடி. சுமைக்காரர்கள் நின்றபடியே கூடையின் அடியில் அதை முட்டுக்கொடுத்து மூச்சு வாங்குவார்கள். அது இல்லாமல் இந்த வயதில் வேலைக்காகாது. ஒரு தடவை கீழே வைத்துவிட்டால் மறுபடி தூக்க முடியாது.

பனி இறுகித்தான் இருந்தது. அறுபது அடிக்கு ஒரு தடவை நின்றார், அப்புறம் நாற்பதுக்கு, அப்புறம் இருபதுக்கு. கழுத்து நரம்பு விண் விண் என்று தெறித்தது. மூச்சை வெளியே விட்டால் அது மீசையில் உறைந்தது. எதற்கு இதெல்லாம், இப்படியே உட்கார்ந்துவிட்டால் என்ன என்று உடம்பு கேட்டுக்கொண்டே வந்தது. உட்கார்ந்தால் முதுகில் இருப்பவரும் சேர்ந்து போய்விடுவார் என்ற ஒரே காரணத்துக்காகக் கால் அடுத்த அடி வைத்தது.

முதுகில் இருந்தவருக்கோ வாய் ஓயவில்லை. "ஏன் இப்படி ஆட்டறீங்க, நான் என்ன தயிரா?" "இடது பக்கம் சாயுதுங்க." "உங்களவிட எங்க கோவேறு கழுதை தேவலாம். அது நடுவுல நின்னு பெருமூச்சு விடாது."

"அதையே கட்டிக்கிட்டு வந்திருக்கலாமே."

"அதைத்தான் போன வருஷம் வித்துட்டேனே."

ஹர்கமானுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சில்லை. திட்டட்டும், திட்டுகிறவரைக்கும் உயிர் இருக்கிறது என்று அந்த வசவையே பிடித்துக்கொண்டு ஏறினார்.

முனைக்கு நூறு அடி கீழே தடியை முட்டுக்கொடுத்து நின்றார். முகம் மேற்கே, மேட்டைப் பார்த்து. கண்ணெதிரில் பனி முதலில் சாம்பலாக இருந்தது, அப்புறம் மெல்லச் சிவந்தது. திடீரென்று அவர் காலடியிலிருந்து ஒரு நீள நிழல் மேட்டில் ஏறிப் படுத்தது. நிழலில் கூடை இருந்தது, கூடைக்கு மேல் ஒரு தலை இருந்தது. அப்போதுதான் முதுகில் சத்தமே இல்லை என்பது உறைத்தது.

"மீத்ஜூ?"

முதுகை லேசாக அசைத்துப் பார்த்தார்.

"மீத்ஜூ! பேசுங்க. ஏதாவது திட்டுங்க."

"சும்மா இருங்க ஒரு நிமிஷம்" என்றது குரல். "வந்துடுச்சு."

"எது?"

"உங்க சூரியன்தான்."

ஹர்கமானுக்கு உயிர் வந்தது. திரும்பிப் பார்க்க முடியாது; திரும்பினால் கூடை சரியும். சந்தபீர் பிறந்ததிலிருந்து அந்தப் பள்ளத்தில் இருக்கிறவர். அங்கே எதிர் மலையைத் தாண்டி வெயில் வர ஒன்பது மணி ஆகும். வேலையற்றவன் பார்க்கிற வேடிக்கை என்று ஒரு நாள்கூட அவர் விடியலில் மேட்டுக்கு வந்ததில்லை.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

சந்தபீர் திருப்பிக் கேட்டார்: "இதுக்காகவா?"

மூன்று வருஷமாக ஹர்கமான் இதற்குப் பதில் சேர்த்து வைத்திருந்தார். மேலிடத்து எச்சரிக்கை, ஆபீசர், மேகம், நீங்கள் காத்திருப்பீர்கள் என்று நம்பினேன் என்பது. தகடு துடைக்கப் போகும்போதெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்து, சரியாகத்தான் இருக்கிறது என்று திருப்திப்பட்டதும் உண்டு. இப்போது ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

"ஆமா மீத்ஜூ. இதுக்குத்தான்."

கண்ணீர் மீசைக்கு வந்தது. இரண்டு கையும் நெற்றிப் பட்டையில் இருந்ததால் துடைக்க முடியவில்லை. அப்போது கூடை லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறாரோ என்று நினைத்தார். குலுங்கல் நிற்கவில்லை.

"முப்பது வருஷமா சுந்தலி கேட்டா" என்றார் சந்தபீர். "எங்கிருந்தோ வந்து பார்த்துட்டுப் போறாங்களே, ஒரே ஒரு நாள் என்னையும் மேல கூட்டிட்டுப் போங்கன்னு. மாட்டை யாரு கறக்கிறது, அடுப்பை யாரு மூட்டறதுன்னேன். அடுத்த வருஷம் பார்க்கலாம்னேன். ஒவ்வொரு வருஷமும் அதையேதான் சொன்னேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நீங்க ஒரு நாள் வரல. நான் முப்பது வருஷம் வரல. அந்தக் கோபத்தையும் சேர்த்து உங்க தலையிலயே கட்டிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கூட்டிட்டு..." என்று ஆரம்பித்த ஹர்கமான் பாதியில் நிறுத்திக்கொண்டார். டீக்கடை வாசலில், தம்ளரை நீட்டிக்கொண்டு, சுந்தலி கேட்டிருக்கிறாள். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை.

"என்கிட்டயும் கேட்டாங்க மீத்ஜூ."

"என்ன சொன்னீங்க?"

"அங்க என்ன இருக்கு மித்தினி, வெறும் குளிருதான்னு சொன்னேன்."

வெயில் ஹர்கமானின் பிடரியில் பட்டது. நிழல் சுருங்க ஆரம்பித்திருந்தது. இன்னும் நூறு அடி ஏற வேண்டும்.

"போகணும் மீத்ஜூ. மேல்பனி இளகிடும், அப்புறம் இடுப்புவரைக்கும் இறங்கிடுவோம்."

"தெரியும். கொஞ்சம் நில்லுங்க. அவளுக்கும் சேர்த்துப் பார்த்துக்கறேன்."

காலடியில் பனி மெல்ல நெகிழ்ந்து கொடுத்தது. ஹர்கமான் தடியை இன்னும் ஆழமாக ஊன்றி, கூடை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.